வெள்ளவத்தைப் பறவையும் கொட்டாஞ்சேனை எலியும்

வெள்ளவத்தை,
18 யூன் 1925.

சேசு மரி சூசை.

அன்புள்ள பேர்ணடெற் அக்காவுக்குத் தம்பி சவிரிமுத்து எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் நானும் உங்கள் மச்சாள் கொன்ஸ்ரன்ஸும் சுகம். நீங்களும் பஸ்தியான் அத்தானும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். கால் வீக்கம் வற்றியதா என்று கேட்டு எழுதும்படி கொன்ஸ்ரன்ஸ் சொன்னாள். முந்திய இரண்டு முறையும் நேர்ந்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். இந்தப் பிள்ளை தங்கும். தண்ணீர்க் குடத்தை மட்டும் தூக்காதீர்கள்.

இங்கே ஒரு புதினம். திங்கட்கிழமை அடித்த காற்றையும் மழையையும் நீங்களும் கண்டிருப்பீர்கள். மறுநாள் காலை நான் ஸ்ரேசனுக்கு வேலைக்குப் போகும்போது, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கற்களில் ஒரு பறவை கிடந்தது. புறாவளவு உடம்பு, தூய வெள்ளை. வாலிலே இரண்டு இறகுகள் மட்டும் உடம்பைவிட நீளமாக, ரிப்பன் போலத் தொங்கின. கண்ணில் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. அதற்கு நிற்கத் தெரியாது, அக்கா. நெஞ்சை மணலில் தேய்த்துத்தான் நகர்கிறது. மீன்பிடிக்காரரே அதைக் கண்டதில்லையாம். மியூசியத்திலிருந்து ஒரு துரை வந்து பார்த்து, இது நடுக்கடலிலேயே வாழ்வது, முட்டையிட மட்டும் எங்கோ ஒரு தீவில் இறங்குவது, இந்தக் கரையில் காண்பது வெகு அருமை என்றார். பிழைத்தால் பறக்கவிடு, செத்தால் எனக்குத் தா என்று சொல்லிப் போனார்.

சமையலறையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நெத்தலி மீனை வாயைத் திறந்து ஊட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தை முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அடுத்த ஞாயிறு அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புத் தம்பி,
சவிரிமுத்து.


கொட்டாஞ்சேனை,
24 யூன் 1925.

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் துணையால் நாங்கள் சுகம். உன்னுடையவும் கொன்ஸ்ரன்ஸினுடையவும் சுகத்துக்குத் தோத்திரம். கால் வீக்கம் பரவாயில்லை.

ஞாயிறு வர முடியுமென்று தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் ஓயாமல் ஓடும் எலிகளை நீ அறிவாய். நாங்கள் குடிவந்த நாள் முதல் அந்தச் சத்தத்தில்தான் நித்திரை கொள்கிறோம். போன கிழமை அந்த ஓட்டம் நின்று போயிற்று. நல்லதாய்ப் போயிற்று என்று நான் சொன்னேன். உன் அத்தானின் முகம் மாறியது. நேற்று அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எலி செத்துக் கிடந்தது. வாயோரம் இரத்தம்.

"இதைச் சொல்லத்தான் வேணும், பேர்ணி. பிளேக் இன்ஸ்பெக்டரிட்டச் சொல்லத்தான் வேணும்" என்றார்.

பக்கத்து வீட்டு பைறோஸா அதைக் கேட்டுவிட்டாள். அவளுடைய கணவர் ராசிக் வீட்டிலேயே தையல் மெசின் வைத்துப் பிழைக்கிறவர். அவள் வாசலில் நின்று, "ஒரு எலிக்காக இந்த வரிசையில எங்கட அஞ்சு வூட்டையும் தெருவுல போடப் போறீங்களா? தெருக் கானுக்குள்ள எறிஞ்சிட்டுப் பேசாம இருங்கோ" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவர் இன்று காலை துறைமுகக் கந்தோருக்குப் போகும் வழியில் அறிவித்துவிட்டார்.

உன் பறவையைப் பற்றி வாசித்துக் காட்டினேன். "சவிரிக்கு வானத்திலயிருந்து விழுது. எனக்குக் கூரையிலயிருந்து விழுது" என்று சிரித்தார். உன் பறவைக்கு ஊர் கூடுகிறது. எங்கள் எலியை வந்து பார்க்க ஒருவருமில்லை.

உன் அக்கா,
பேர்ணடெற்.


காம்பிலிருந்து,
2 யூலை 1925.

அன்புள்ள தம்பி,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கந்தகம் மணக்கும். இங்கிருந்து போகிற எல்லாவற்றுக்கும் புகை காட்டித்தான் அனுப்புகிறார்கள். அறிவித்த மறுநாளே ஆட்கள் வந்து, சுவரை இடித்து இன்னும் ஏழெட்டு எலிகளை எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் சாமணத்தால் தூக்கி, காலில் ஒரு சீட்டுக் கட்டினார். தெரு, வீட்டு இலக்கம், திகதி. சோதித்துப் பிளேக் என்று கண்டபின் ஐந்து வீடுகளின் ஓடுகளையும் கழற்றி, எங்கள் எல்லோரையும் லொறியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே இந்தத் தகரக் கொட்டில்களுக்குக் கொண்டுவந்தார்கள். பைறோஸா லொறியில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அழுதுகொண்டே வந்தன.

முந்தாநாள் உன் அத்தானுக்குக் குளிர் கண்டது. நேற்றுத் தொடையிடுக்கில் வீக்கம். அம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது என்னைத் தொட விடவில்லை. "உள்ள போ, வெயிலுக்க நில்லாத" என்றுதான் சொன்னார்.

என்னால் இந்த வேலியைத் தாண்ட முடியாது. நீ காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குப் போ. கண்டதைக் கண்டபடி எனக்கு எழுது.

பேர்ணடெற்.


வெள்ளவத்தை,
5 யூலை 1925.

சேசு மரி சூசை.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்காகக் கொன்ஸ்ரன்ஸ் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. பின்பக்க ஜன்னலில் நின்று கதைக்க விட்டார்கள். காய்ச்சல் கடுமைதான். ஆனால் என்னை அடையாளம் கண்டு, "பறவை எப்பிடி?" என்று முதலில் கேட்டார். பிறகு நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறீர்கள் என்று சொன்னேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள். கட்டி பழுத்து உடைந்தால் தப்பிக் கொள்ளலாம் என்று டொக்டர் சொல்கிறார். அப்படித் தப்பியவர்கள் இருக்கிறார்களாம்.

பறவை உயிரோடு இருக்கிறது. ஆனால் தானாக விழுங்குவதில்லை. மீன்காரர் ஒரு சின்னக் கணவாய் கொண்டுவந்து தந்தார். அதைக் கொஞ்சம் விரும்பியது போல் இருந்தது.

நாளையும் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

சவிரிமுத்து.


வெள்ளவத்தை,
12 யூலை 1925.

சேசு மரி சூசை.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். அதைவிட இப்போது பெரிதொன்றுமில்லை.

அத்தானுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. நோவும் இல்லை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

பறவையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாயிருக்கும். நேற்று முதல்முறையாகத் தானே கழுத்தை நீட்டி என் கையிலிருந்து மீனை எடுத்தது. வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தோம். அதில் இறங்கி இறகைக் கோதிக்கொள்கிறது. கொன்ஸ்ரன்ஸ் பூனைக்குப் பயந்து கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். அது பிழைத்துவிடும், அக்கா. நீங்களும் தட்டிலிருப்பதை மிச்சம் விடாமல் சாப்பிட வேண்டும்.

சவிரிமுத்து.


காம்பிலிருந்து,
16 யூலை 1925.

அன்புள்ள தம்பி,

நான் சுகம். உன் கடிதம் கண்டு நான் முழந்தாளில் நின்று அழுதேன். காய்ச்சல் விட்டது என்ற அந்த வரியை இந்தக் காம்பின் நேர்ஸ் மாக்ரெட்டுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எனக்காகச் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

காய்ச்சல் விட்டதென்றால் ஏன் அவர் ஒரு வரி எழுதவில்லை? கை நடுங்கினால் நீ எழுத, அவர் கையெழுத்தையாவது வைக்கட்டும். நீ அவரைப் பற்றி மூன்று வரி எழுதுகிறாய். பறவையைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறாய். எனக்குக் கோபம் வருகிறது, சவிரி. அது எங்கிருந்தோ வந்த விருந்தாளி. ஊருக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, ஒரு தீமையும் செய்யவில்லை. அரிதாக வந்தது என்பதற்காகத்தானே எல்லோரும் அதன் வாயைத் திறந்து ஊட்டுகிறீர்கள்? எங்கள் கூரையிலிருந்தவை எங்களோடு ஒரே பெட்டி அரிசியைத் தின்றவை. அவை செத்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். நாங்கள் இப்போது எந்தச் சாதியில் சேர்த்தி? வேலிக்கு அப்பால் போகிறவர்கள் எங்களைக் கண்டும் மூக்கைப் பொத்துகிறார்கள்.

இன்னொரு துக்கம். பைறோஸாவின் மாமியாருக்கு நேற்றுக் காய்ச்சல் கண்டு கொண்டுபோனார்கள். ஆகையால் எங்களை இங்கே அடைத்து வைக்கும் தவணை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பிள்ளை நன்றாக உதைக்கிறது.

அவருடைய கையெழுத்து வேண்டும். மறவாதே.

பேர்ணடெற்.


வெள்ளவத்தை,
29 யூலை 1925.

சேசு மரி சூசை.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். கடிதம் பிந்தியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரேசனில் வேலை அதிகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து எந்தக் கடதாசியையும் வெளியே விடுவதில்லை. அதனால் கையெழுத்து வாங்க முடியவில்லை. அத்தான் அமைதியாக இருக்கிறார். அவருடைய எண்ணமெல்லாம் பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்பதுதான். அதை என்னிடம் அவரே சொன்னார்.

பறவையைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். என்றாலும் எழுதுகிறேன். நேற்றுக் காற்று அடித்தபோது கதவைத் திறந்து விட்டேன். பெட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு இரண்டு சிறகையும் முழுதாக விரித்தது. சமையலறையே போதவில்லை. சிறகின் மேல் கறுப்புக் கோடுகள், யாரோ பேனையால் இழுத்தது போல. ஒரு நாளைக்கு ஏழெட்டு மீன் தின்கிறது. இன்னும் சில கிழமையில் பாறையில் கொண்டுபோய் விடலாம்.

சவிரிமுத்து.


காம்பிலிருந்து,
6 ஓகஸ்ட் 1925.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் கொன்ஸ்ரன்ஸும் சுகமாயிருக்க வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஸ்ரேசனில் அதிகம் மினக்கெடாதே.

பைறோஸாவும் நானும் இப்போது ஒன்றாகவே சாப்பிடுகிறோம். அவளுடைய மாமியார் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்றும் நல்ல சுகம். சின்னவள் என் மடியை விட்டு இறங்குவதில்லை.

பறவையைப் பற்றி இன்னும் எழுது. கண் எப்படி இருக்கிறது? இரவில் நித்திரை கொள்ளுமா? கணவாய் கிடைக்காத நாளில் என்ன கொடுக்கிறாய்? பாறையில் விடுகிற நாளை முன்னதாக எழுதினால், அந்த நேரம் நானும் நினைத்துக்கொள்வேன்.

வேறொன்றுமில்லை.

பேர்ணடெற்.


வெள்ளவத்தை,
19 ஓகஸ்ட் 1925.

சேசு மரி சூசை.

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை உங்களை விடுகிறார்கள் என்று அறிந்தேன். வாசலில் நான் நிற்பேன். என் பக்கத்தில் அவர் நிற்க மாட்டார். அதை நீங்கள் அங்கே வந்து காண்பதைவிட, இப்போது என் எழுத்தில் காண்பது நல்லது என்று சுவாமியார் சொன்னார். நேர்ஸ் மாக்ரெட்டை இந்தக் கடிதத்தோடு உங்கள் பக்கத்தில் இருக்கும்படி கேட்டிருக்கிறேன்.

அத்தான் யூலை பத்தாந் திகதி காலையில் ஆண்டவரிடம் போய்விட்டார். அதற்கு முதல்நாள் என்னை ஜன்னலுக்குக் கிட்ட வரச் சொல்லி, "அவளுக்குச் சொல்லாத, சவிரி. ரெண்டு பிள்ளை போயிட்டுது. இது பிறக்கட்டும்" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். டொக்டரும் அப்படித்தான் சொன்னார். நேர்ஸுக்கும் நாங்களே சொல்லி வைத்தோம். பொரளைச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. சுவாமியார் தூரத்தில் நின்று செபம் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். இடம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பறவையும் இல்லை. அது யூலை எட்டாந் திகதியே செத்துப் போனது. மியூசியத் துரை எடுத்துக்கொண்டு போனார். கையிலிருந்து மீன் எடுத்ததும், சிறகை விரித்ததும், எல்லாம் நானாகக் கட்டி எழுதியவை. உங்களுக்கு எழுத வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

சவிரி.


கொட்டாஞ்சேனை,
14 ஒக்ரோபர் 1925.

அன்புள்ள சவிரிக்கு,

நான் சுகம். ஆறு நாளுக்கு முன் எனக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. அவளும் சுகம். மருத்துவிச்சி வர முன்னம் பைறோஸாதான் பக்கத்தில் இருந்தாள். பிள்ளைக்குத் தகப்பனுடைய மூக்கு.

காம்ப் வாசலில் நீ நின்றதைக் கண்டேன். உன்னைத் தாண்டிப் போய் பைறோஸாவோடு ரிக்‌ஷாவில் ஏறினேன். இரண்டு முறை நீ வந்து கதவில் தட்டியதும் தெரியும். உன் மீது என்ன கோபம் என்று எனக்கே சொல்லத் தெரியாமலிருந்தது. இப்போது சொல்லத் தெரிகிறது.

அவர் போனதை நான் ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலேயே அறிந்துவிட்டேன். ராசிக்கின் தம்பி ஸாலிஹ் தாயுடைய செய்தியைச் சொல்ல வேலிக்கு வந்திருந்தார். கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பைறோஸா வந்து, ஒரு மாதத்துக்கு மேலாகப் பேசாதவள், என் கையிலிருந்த துணியை வாங்கினாள்.

"எங்கட மாமி மௌத்தாயிட்டாங்க" என்றாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்கட அவரும்தான். மாமிக்கு முந்தி. ஸாலிஹ் அங்க கேட்டுக்கொண்டு வந்தாரு. ஒங்களுக்கு யாரும் சொல்லல்லயா?"

அன்று அவள்தான் எனக்குச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். "எலிய எறியச் சொன்ன வாய் இது. எறிஞ்சிருந்தா என்ட மூணு புள்ளையும் இன்னிக்கு உசிரோட ஈக்காது" என்றாள். நான் உனக்குச் சொல்லவில்லை. நீ பட்டுக்கொண்டிருந்த பாடு உன் எழுத்தில் தெரிந்தது. நான் அறிந்தேன் என்று அறிந்தால் நீ உடைந்து போவாய் என்று நினைத்தேன்.

அவரைப் பற்றி நீ எழுதியதை நான் பிறகு நம்பவில்லை, சவிரி. பறவையை நம்பினேன். இந்த உலகத்தில் ஒன்றாவது வாயைத் திறந்து சாப்பிடுகிறது, ஒன்றாவது எழும்பப் போகிறது என்று நம்பினேன். அது மீன் தின்றது என்று நீ எழுதிய நாளெல்லாம் நானும் தட்டை எடுத்தேன். நீ அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். உன்னை மன்னிக்க முடியாமலிருந்தது அதற்காகத்தான். அந்தப் பொய்யால்தான் பிள்ளை தங்கியது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் மனதில் ஒன்றாகவே கிடக்கின்றன.

போன மாதம் மியூசியத்துக்குப் போனேன். இந்த வயிற்றோடு ஏன் என்று பைறோஸா ஏசினாள், ஆனாலும் கூட வந்தாள். உன் பெயரைச் சொன்னதும் ஒரு கிளாக்கர் உள்ளே கூட்டிப்போய் ஒரு அலுமாரி லாச்சியை இழுத்துக் காட்டினார். பஞ்சின் மேல் உன் பறவை மல்லாக்கக் கிடந்தது. கண் இருந்த இடத்தில் பஞ்சு. நீ எழுதியதைவிடச் சின்னது. காலில் சீட்டு. வெள்ளவத்தை, திகதி, கண்டெடுத்தவர் பெயர். எலி உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறொரு லாச்சியை இழுத்தார். வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கும் அதே சீட்டு, அதே நூல், அதே கையெழுத்து.

நான் இரண்டையும் நெடுநேரம் பார்த்தேன். உன் பறவை வழி தவறி வந்து தனக்குரிய சாவைச் செத்தது. அதில் எங்களுக்குப் பங்கில்லை. ஆனால் எலி செத்தது அவருடைய சாவு. அவர் பட்ட அதே காய்ச்சலை அவருக்கு முன்னம் பட்டு, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துக் கிடந்து செத்தது. அதைக் கண்டு நாங்கள் முகம் சுளித்தோம். இப்போது என்னால் அதை வெறுக்க முடியவில்லை. பறவையிடத்தில் இரக்கம் வருகிறது. எலியிடத்தில் உறவு போல ஏதோ வருகிறது. அதை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்லலாம்.

எலிக்கு ஒரு சீட்டு. பறவைக்கு ஒரு சீட்டு. அவர் கிடக்கிற இடத்தில் என்ன இருக்கிறது? நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன். வர முன்னம் எனக்கு ஒரு கடிதம் எழுது. அதிலே, அவர் கடைசியாகச் சொன்னதை எழுது. கூட்டாதே, குறைக்காதே. சுகம் என்று எழுதினால் நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
பேர்ணடெற்.


வெள்ளவத்தை,
17 ஒக்ரோபர் 1925.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. யூலை மாதத்திலிருந்து நித்திரை சரியில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. கொன்ஸ்ரன்ஸ் பயப்படுகிறாள். பிள்ளை பிறந்த செய்தி கேட்டு அவள் இன்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். நான் வெளியே நின்றேன்.

சேமக்காலையில் ஒன்றும் இல்லை. மண்மேடும் அமர்ந்துவிட்டது. மேற்கு மதிலிலிருந்து பார்த்தால் ஒரு நாவல் மரம் இருக்கிறது. அதன் நேரே. சிலுவை நட அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் மறுமொழி இல்லை.

அவர் கடைசியாகச் சொன்னது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று வாக்கு வாங்கியபின் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து நான் புறப்பட்டேன். அப்போது கூப்பிட்டார்.

"சவிரி, ராசிக் வீட்டுப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் இருக்கோ?"

"இல்லை, அத்தான்."

"ஒருத்தருக்கும்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப சரி" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான், அக்கா.

ஞாயிறு பூசைக்குப் பிறகு வருகிறேன்.

சவிரி.